துருப்பிடிப்பதற்கென்றே செய்த இரும்பு

நியூயார்க்கிலிருந்து பிட்ஸ்பர்க் ஏறத்தாழ 715 கிலோமீட்டர். ரயிலில் போகப்போகிறேன் என்றதும் நியூஜெர்சி நண்பர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விமானத்தில் ஒன்றரை மணி நேரம், ரயிலில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். நேராகப் போகிற வண்டியும் நாளைக்கு ஒன்றுதான். பெயர் பென்சில்வேனியன். விட்டால் மறுநாள்தான். "உங்க ஊர்ல வந்தே பாரத்தே ஓடுது, இங்க வந்து இந்த வண்டியில ஏறணுங்கறீங்களே" என்றார் ஒருவர். அவர் அமெரிக்காவுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. 'உங்க ஊர்' என்று அவர் சொன்னதை மனதில் முடிந்துகொண்டேன்.

எனக்கு அந்த வண்டிதான் வேண்டியிருந்தது. 'அமெரிக்கா முடிஞ்சுதுங்க' என்ற பேச்சைக் கோவையில் டீக்கடையிலிருந்து கல்யாணப் பந்தி வரை ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் திருப்பூரில் அது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியச் சரக்கின் மேல் 50% வரி விழுந்தபோது பனியன் கம்பெனிகளில் ஆர்டர்கள் நின்றன. "விழப்போறவன் கடைசியா ஒருக்கா கையை வீசறானுங்க, பக்கத்துல நின்னவனுக்குப் படுது" என்றார் ஒரு கம்பெனிக்காரர். சொன்னவருடைய கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் விழப்போகிறவன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. பிட்ஸ்பர்க்கில் இரும்பு உருக்கிய இடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அக்கா மகன் அங்கேதான் இருக்கிறான். அக்டோபர் நடுவில், தீபாவளிக்கு முந்தின வாரம் கிளம்பினேன். வாஷிங்டனில் பட்ஜெட் சண்டையில் அரசாங்கமே பூட்டிக் கிடந்த சமயம் அது. கடைசியில் அந்தப் பூட்டு 43 நாள் நீடித்தது. அதற்கு முன் அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு நாள் அரசு முடங்கியதில்லை.

பிலடெல்பியாவில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டினார்கள். சின்ன வயதில் ஜோலார்பேட்டையில் எஞ்சின் மாற்றுவதைப் பார்க்க அப்பாவோடு இறங்கி நின்றது நினைவுக்கு வந்தது. நம் அகலப்பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்சாரத்துக்கு மாறிவிட்ட காலத்தில், உலகத்தின் முதல் பணக்கார நாட்டில் அதை மறுபடி பார்க்கிறேன். இந்தப் பாதையைப் போட்ட பென்சில்வேனியா ரயில்ரோடு ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய கம்பெனி. 1968-இல் போட்டிக் கம்பெனியோடு இணைந்தது, 1970-இல் திவாலானது. அதுவரை அமெரிக்கா பார்த்த திவால்களில் அதுதான் பெரியது.

ஆல்டூனாவைத் தாண்டியதும் மலை ஏற்றம். குதிரை லாடம் மாதிரி மலையைச் சுற்றித் திரும்புகிற வளைவு ஒன்று இருக்கிறது. 1854-இல் திறந்தது. ஐரிஷ் கூலிகள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டிய இடம். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்பிய நாசகாரர்கள் வெடி வைக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. அவ்வளவு இரும்பும் நிலக்கரியும் இதன் வழியே போய்க்கொண்டிருந்தன. இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகி மலை முழுக்கத் தீப்பிடித்தாற்போல இருந்தது. வளைவில் எதிரே ஒரு சரக்கு வண்டி வந்தது. பெட்டி மேல் பெட்டியாக இரண்டடுக்குக் கன்டெய்னர்கள். எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். எங்கள் வண்டியில் மொத்தமே விரல்விட்டு எண்ணுகிற பெட்டிகள். மனிதர்களைக் காரிலும் விமானத்திலும் போகச் சொல்லிவிட்டு, தண்டவாளத்தைச் சரக்குக்கு விட்டுக்கொடுத்த நாடு இது. சரக்கு ரயிலில் இவர்களை மிஞ்ச ஆள் குறைவு. பயணிகள் வண்டியின் கதியை மட்டும் பார்த்து 'வீழ்ச்சி' என்று எழுத உட்கார்ந்த என் பேனா அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியது.

பொழுது சாயும் நேரத்துக்கு ஜான்ஸ்டவுன் வந்தது. பள்ளத்தாக்கில் ஆறு, ஆற்றோரம் வரிசையாக வெறுமையான பட்டறைக் கொட்டகைகள். இந்த ஊருக்கு மேலே மலையில் ஒரு மண் அணை இருந்தது. பழைய கால்வாய்க்காக மாநில அரசு கட்டி, பிறகு கைவிட்டது. பிட்ஸ்பர்க் செல்வந்தர்கள் அதை வாங்கி மீன்பிடி கிளப் ஆக்கினார்கள். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி கிளே ஃப்ரிக் எல்லோரும் உறுப்பினர்கள். அணையிலிருந்து தண்ணீரை வெளியே விடும் குழாய்களை முந்தைய உரிமையாளர் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். கிளப் அதைத் திரும்பப் போடவில்லை. காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் வெளியேறக் கூடாதென்று கலிங்கில் கம்பி வலை வேறு அடித்தார்கள். 1889 மே 31 அன்று பேய் மழை. அடித்து வந்த கிளையும் குப்பையும் வலையை அடைத்தன. அணை உடைந்தது. 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். நீதிமன்றத்தில் கிளப் ஒரு காசு நஷ்டஈடு கட்டவில்லை. பிறகு கார்னகி அந்த ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். இப்போது அதுதான் வெள்ள அருங்காட்சியகம்.

ரயில் இரண்டு நிமிடம் நின்று நகர்ந்தது. அந்தக் கம்பி வலை மட்டும் என்னோடு பிட்ஸ்பர்க் வரை வந்தது.

"வாங்க மாமா, குளுருதுங்களா?" என்று ஸ்டேஷனில் பையை வாங்கிக்கொண்டான் மாப்பிள்ளை. வயது முப்பத்து நாலு. ரோபாட்டுக்குக் கண் வைக்கிற வேலை என்று அக்கா ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கிட்டத்தட்டச் சரிதான். இங்கே கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அந்தமாதிரிக் கம்பெனிகள் நிறைய. பிட்ஸ்பர்க்கின் மக்கள் தொகை 1950-இல் 6.77 லட்சம், 2020-இல் 3.03 லட்சம். பாதிக்கு மேல் ஊர் காலியான பிறகு, மிச்ச ஊர் மருத்துவமனையையும் பல்கலைக்கழகத்தையும் பிடித்துக்கொண்டு கரையேறியது. 2009-இல் ஜி-20 மாநாட்டை இங்கே நடத்தினார்கள். உலகப் பொருளாதாரத்தைப் பேசும் முதன்மை மன்றமாகப் பணக்காரர்களின் ஜி-8க்குப் பதில் இனிமேல் ஜி-20 இருக்கும் என்று அறிவித்தது இந்த ஊரில்தான். இந்தியாவும் சீனாவும் பந்தியில் உட்கார்ந்த ஊர் என்றும் சொல்லலாம்.

மறுநாள் காலையில் ஊரின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தேன். யு.எஸ். ஸ்டீல் கோபுரம், 64 மாடி. கறுத்த பழுப்பு நிறம், அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியின் அடிப்பாகம் மாதிரி. 1970 வாக்கில் கட்டி முடித்தார்கள். தங்கள் சரக்கின் தரத்தை உலகுக்குக் காட்ட கோர்-டென் என்ற தங்கள் இரும்பையே வெளிப்புறத்தில் நிறுத்தினார்கள். துருப்பிடிப்பதற்கென்றே செய்த இரும்பு அது. சாதாரண இரும்பில் துரு செதிலாக உதிரும், உதிர உதிர உள்ளே தின்னும். இதில் செம்பும் குரோமியமும் கலந்திருப்பதால் முதல் துரு தோல்போல ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: நனைந்தால் காய வேண்டும். தண்ணீர் தேங்கினால் இந்த இரும்பும் எல்லா இரும்பையும் போலத்தான்.

கோபுரத்தின் உச்சியில் இரும்புக் கம்பெனியின் பெயர் இல்லை. 'யு.பி.எம்.சி.' என்று ஒரு மருத்துவக் குழுமத்தின் எழுத்துகள் இருந்தன.

"பாலத்தைப் பாக்கோணும்னீங்களே, போலாமுங்களா?" என்றான்.

இந்த ஊரில் 446 பாலங்கள் உண்டென்று கணக்குச் சொல்கிறார்கள். நான் பார்க்க நினைத்தது ஃபெர்ன் ஹாலோ பாலம். ஃபோர்ப்ஸ் அவென்யூ ஒரு ஆழமான ஓடைப் பள்ளத்தைத் தாண்டுகிற இடம். கீழே ஃப்ரிக் பூங்கா. அதே மீன்பிடி கிளப் ஃப்ரிக் உயில் எழுதிக் கொடுத்த நிலத்திலிருந்து வளர்ந்த காடு. 2022 ஜனவரி 28, காலை ஆறே முக்கால் வாக்கில், பனி படிந்திருந்த நேரத்தில் பாலம் அப்படியே கீழே உட்கார்ந்தது. ஒரு நீளப் பேருந்தும் சில கார்களும் அதன்மேல் இருந்தன. பனியால் பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும் நாள் என்பதால் கூட்டம் குறைவு. ஒருவரும் சாகவில்லை. அன்றைக்குத்தான், சாலைகளையும் பாலங்களையும் புதுப்பிக்கும் சட்டத்தைப் பற்றிப் பேச ஜனாதிபதி பைடன் இதே ஊருக்கு வருவதாக இருந்தது. வந்தார், குழியின் ஓரத்தில் நின்று பார்த்தார்.

விழுந்த பாலம் எதனால் ஆனது தெரியுமா? கோபுரத்தில் இருக்கும் அதே வகை இரும்புதான், பெயின்ட் அடிக்காமல். மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு வருடம் ஆராய்ந்து 2024-இல் அறிக்கை கொடுத்தது. பாலத்தின் மேலிருந்த மழைநீர் வடிகால்களில் மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டன. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு கரைந்த தண்ணீர் வடிகாலில் போகாமல் பாலத்தின் கால்களில் வழிந்தது. கால்களின் அடியில் குப்பை சேர்ந்து எப்போதும் ஈரம். காவல் காக்க வேண்டிய துரு தின்ன ஆரம்பித்தது. 2011 முதலே பாலத்தின் நிலை மோசம் என்று ஏட்டில் இருந்தது. ஆய்வு செய்தவர்கள் வருடா வருடம் 'வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள்' என்று எழுதினார்கள். 2018-இல் துருவேறி அற்றுப்போன ஒரு குறுக்குச் சட்டத்தைப் பூங்காவில் நடக்க வந்த ஒருவர் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். வடிகாலைக் கூட்ட மட்டும் ஆள் வரவில்லை.

நாங்கள் கீழே இறங்கி ஓடைக்கரையில் நின்றோம். தலைக்கு நூறடி மேலே புதுப் பாலம், கான்கிரீட். கார்கள் போகிற சத்தம் தூரத்து மழை மாதிரிக் கேட்டது. விழுந்து பதினோரு மாதத்தில், மத்திய அரசுப் பணத்தில், 2.5 கோடி டாலர் அளவில் கட்டித் திறந்துவிட்டார்கள்.

"கட்டறதுக்குன்னா பதினொரு மாசம். கூட்டறதுக்குன்னா பத்து வருசமா ஆளு கெடைக்கல" என்றான் மாப்பிள்ளை. பிறகு தானே, "நம்மூர்லயும் அப்படித்தானுங்க மாமா, வாய்க்கால் தூர் வாரறதுக்கு எவன் கல்வெட்டுல பேர் போடுவான்?" என்றான். அக்காவின் வாய் அப்படியே வந்திருக்கிறது.

இந்த இடத்தில் வீழ்ச்சி பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கலாம். கை வரவில்லை, ஜான்ஸ்டவுன் குறுக்கே நின்றது. 1889-இல் அமெரிக்கா ஏறுமுகத்தில் இருந்த நாடு. உருக்கு உற்பத்தியில் அப்போதுதான் பிரிட்டனைத் தாண்டியிருந்தது. ஏறும்போதும் வலையில் அடைத்த குப்பையை எடுக்க ஆள் போடவில்லை. மேலே இருப்பவர்களின் ஏற்றத்துக்கும் கீழே இருக்கும் வடிகாலுக்கும் இந்த நாட்டில் அன்றைக்கே சம்பந்தம் அறுந்திருக்கிறது. அடைத்த வடிகாலைக் காட்டி 'நாடு சரிகிறது' என்று சொன்னால், ஜான்ஸ்டவுன்காரன் எழுந்து வந்து 'எங்க காலத்துல மட்டும்?' என்று கேட்பான்.

பிற்பகல் ஹோம்ஸ்டெட். 1892 ஜூலையில் சம்பளக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களுக்கும், ஃப்ரிக் படகில் வரவழைத்த பிங்கர்டன் கூலிப்படைக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்த ஆற்றங்கரை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு இரும்பு போன ஆலை இது. போர்க்காலத்தில் 15,000 பேர் வேலை செய்தார்கள், 1986-இல் மூடினார்கள். இப்போது அங்கே சினிமா தியேட்டர், துணிக்கடை, சாப்பாட்டுக் கடைகள் கொண்ட மால். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அவற்றின் கீழே நின்றபோது எனக்கு மில் சங்கு கேட்டது. எங்கள் தெருவே அந்தச் சங்கைக் கேட்டுத்தான் உலை வைக்கும். கோவையில் மில்கள் ஒவ்வொன்றாக மூடி, இடம் வீட்டுமனை ஆனபோது, அப்பா வேலை பார்த்த மில்லிலும் புகைபோக்கி மட்டும் கொஞ்ச காலம் நின்றது. அப்போது யாரும் 'இந்தியா வீழ்கிறது' என்று சொல்லவில்லை. பக்கத்தில் பம்ப்செட்டும் சாப்ட்வேரும் எழுந்துகொண்டிருந்தன. அப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் பிராடக். பெயரே வேடிக்கை. 1755-இல் இங்கே பிரெஞ்சுக்காரர்களிடமும் பழங்குடிகளிடமும் தோற்றுச் செத்துப்போன பிரிட்டிஷ் ஜெனரல் பிராடக்கின் பெயர். அவரோடு குதிரையில் வந்து தப்பித்தவர் இளைஞர் ஜார்ஜ் வாஷிங்டன். கால் நூற்றாண்டு கழித்து அதே வாஷிங்டனிடம் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தபோது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முடிந்தது என்று லண்டனிலேயே பேசியிருப்பார்கள். அந்தக் கார்ன்வாலிஸ்தான் ஐந்து வருடத்தில் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாரமகாலையும் பிடுங்கியவர். சேலம் கம்பெனி கைக்குப் போனது அப்படித்தான். தோற்ற சாம்ராஜ்யம் அதற்குப் பிறகு நம்மை ஒன்றரை நூற்றாண்டு ஆண்டது. இறங்குமுகம் என்று சொல்கிறவர்களின் நாள்காட்டியை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். 1980களில் ஜப்பான் அமெரிக்காவை விழுங்கப்போகிறது என்றார்கள். 1989-இல் மிட்சுபிஷி எஸ்டேட் ராக்கஃபெல்லர் சென்டரின் பெரும்பங்கை வாங்கியபோது அமெரிக்கப் பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. ஆறே வருடத்தில் அந்த முதலீடு திவாலில் போய் நின்றது.

ஆனால் பிராடக் அவென்யூவில் நடந்தால் இந்தச் சாமர்த்தியமெல்லாம் வாயடைத்துப் போகிறது. 1920-இல் இருபதாயிரம் பேர் இருந்த ஊர், இப்போது இரண்டாயிரத்துக்கும் கீழே. பல்வரிசையில் பல் விழுந்தாற்போல வீட்டுக்கு வீடு வெற்றிடம், அதில் புல். இரண்டு சுவர் மட்டும் நிற்கிற கடை ஒன்றின் மாடிச் சன்னலுக்குள்ளிருந்து மரம் வெளியே எட்டிப் பார்த்தது. இங்கே இருந்த மருத்துவமனையை 2010-இல் மூடினார்கள். நடத்தியது கோபுரத்தின் உச்சியில் பெயர் போட்டிருக்கும் அதே குழுமம். இந்த ஊரின் மேயராக இருந்த ஜான் ஃபெட்டர்மன் ஊரின் அஞ்சல் எண்ணைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர், இப்போது செனட்டர்.

தெருவின் கோடியில் எட்கர் தாம்சன் ஆலை. கார்னகி 1875-இல் தொடங்கியது. ஆச்சரியம், அது இன்னும் ஓடுகிறது. வெள்ளை நீராவி எழும்ப, அழுகிய முட்டை நாற்றம் காற்றில் கலந்து வர, 150 வருடமாக இரும்பு உருக்கிக்கொண்டிருக்கிறது. மேட்டில் கார்னகி அமெரிக்காவில் கட்டிய முதல் நூலகம், 1889. கோட்டை மாதிரிக் கல் கட்டடம். அடித்தளத்தில் குளியலறைகள் வைத்தார்கள்; ஷிப்ட் முடிந்து கரியோடு வருகிறவன் குளித்துவிட்டு மேலே ஏறிப் புத்தகம் எடுக்கலாம். வாரத்தின் எல்லா நாளும் பன்னிரண்டு மணி நேரம் உலையில் நின்றவன் எந்த நேரத்தில் படித்திருப்பான் என்று கார்னகியைக் கேட்க வேண்டும். 1970களில் நூலகத்தை மூடி இடிக்கப் பார்த்தபோது, அதன் கடைசி நூலகர் ஒரு டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினார்.

ஒரு சின்ன மதுக்கடைக்குள் நுழைந்தோம். காப்பி கிடைக்கும் என்று மாப்பிள்ளை சொன்னான். கல்லாவுக்குப் பக்கத்தில், நம் ஊர்க் கடைகளில் சாமி படம் இருக்கிற இடத்தில், ஒரு வெள்ளைப் பெட்டி ஆணியடித்திருந்தது. போதை மருந்து மிஞ்சி மூச்சு நின்று விழுந்தவனின் மூக்கில் அடிக்கிற மருந்து. இலவசம், எடுத்துக்கொள்ளலாம். 2022, 2023 இரண்டு வருடமும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அமெரிக்கர்கள் போதை மிஞ்சிச் செத்தார்கள். 2024-இல் எண்பதாயிரம் அளவுக்குக் குறைந்தது, அதையே நல்ல செய்தியாகச் சொன்னார்கள். படிப்புக் குறைந்த நடுவயது வெள்ளையர்களின் சாவு விகிதம் கூடுவதை ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற தம்பதி 2015-இல் எழுதிக் காட்டினார்கள். குடி, போதை, தற்கொலை மூன்றையும் சேர்த்து 'விரக்திச் சாவுகள்' என்று அவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெட்டியை நான் தொட்டுப் பார்த்தேன். மூடியில் தூசி இல்லை. அடிக்கடி திறக்கிறார்கள்.

காப்பி குடிக்கும்போது பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எண்பதை நெருங்கும் வயது, இடது கையில் இரண்டு விரல் பாதி. தாத்தா ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர், மூன்று தலைமுறையும் எட்கர் தாம்சனில். நான் எழுதுகிறவன், இந்தியாவிலிருந்து வருகிறேன், அமெரிக்கா சரிகிறதா என்று பார்க்க வந்தேன் என்று மாப்பிள்ளை போட்டு உடைத்துவிட்டான். பெரியவர் சிரித்தார்.

"நாற்பது வருடம் தாமதமாக வந்திருக்கிறீர்களே! இங்கே அது 82-லேயே முடிந்துவிட்டதே."

இந்த ஆலையின் கம்பெனியை ஜப்பான்காரன் வாங்கியதைப் பற்றிக் கேட்டேன். 1901-இல் கார்னகியிடமிருந்து வாங்கி ஜே.பி. மார்கன் உருவாக்கிய யு.எஸ். ஸ்டீல், 100 கோடி டாலர் முதலைத் தாண்டிய உலகின் முதல் கம்பெனி. அதை 1,490 கோடி டாலருக்கு நிப்பான் ஸ்டீல் கேட்டது. பைடன் தடுத்தார். டிரம்ப்பும் முதலில் எதிர்த்து, பிறகு முக்கிய முடிவுகளைத் தடுக்க அரசுக்கு ஒரு 'தங்கப் பங்கு' வாங்கிக்கொண்டு 2025 ஜூனில் விட்டுவிட்டார். தொழிற்சங்கத் தலைமை கடைசி வரை எதிர்த்தது. இந்தப் பள்ளத்தாக்கின் தொழிலாளர்கள் பலர் ஆதரித்தார்கள்.

"என் அப்பா பசிபிக்கில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டவர்" என்றார் பெரியவர். "இருந்திருந்தால் என்னைக் கொன்றிருப்பார். ஆனால் நாற்பது வருடமாக எங்கள் முதலாளிகள் இந்த ஆலையில் காசு போடவில்லை. இவன் போடுகிறேன் என்கிறான். கொடி எதுவாக இருந்தால் என்ன, உலையில் செங்கல் புதிதாக இருந்தால் சரி." கொஞ்சம் நிறுத்தி, "கிளேர்ட்டனைப் பார்த்தீர்கள் அல்லவா" என்றார். ஆற்றின் மேற்பக்கம் கிளேர்ட்டனில் இதே கம்பெனியின் நிலக்கரி ஆலை ஆகஸ்ட் 11 அன்று வெடித்து இரண்டு பேர் செத்திருந்தார்கள்.

கிளம்பும்போது காப்பிக்குக் காசு கொடுக்க விடவில்லை. அவரே கொடுத்தார்.

திரும்பும் வழியில் காருக்குள் மாமனும் மாப்பிள்ளையும் கணக்குப் பேசினோம். அவன் அமெரிக்காவின் பக்கம். உலக உற்பத்தியில் அமெரிக்காவின் பங்கு 1980-இல் ஏறத்தாழக் கால் பங்கு, இன்றைக்கும் ஏறத்தாழக் கால் பங்கு. சரிவு எங்கே என்றான். நான் இரும்பைக் காட்டினேன். 2024-இல் சீனா 100 கோடி டன் உருக்கு, இந்தியா 15 கோடி, அமெரிக்கா 8 கோடி. "இரும்பு யாருக்குங்க வேணும் மாமா" என்றான். அமெரிக்க அரசின் கடன் 38 லட்சம் கோடி டாலரை அந்த மாதம்தான் தாண்டியது. வட்டியே ராணுவச் செலவை முந்திவிட்டது. உலக நாடுகளின் கையிருப்பில் டாலர் 2000-இல் 70 சதவீதத்துக்கு மேல், இப்போது 60-க்கும் கீழே. அதே அக்டோபர் முடிவதற்குள் என்விடியா என்ற ஒற்றைக் கம்பெனியின் பங்குச்சந்தை மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது, இந்தியாவின் ஒரு வருட மொத்த உற்பத்தியைவிட அதிகம். அதற்கு மூன்றாவது நாள், நவம்பர் 1 அன்று, அரசு முடங்கியதால் 4 கோடிக்கு மேற்பட்ட ஏழைகளின் உணவு உதவி அட்டையில் பணம் ஏறவில்லை.

இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே நாட்டில். இதில் எதை எடுத்து 'அமெரிக்கா' என்று எழுதுவது? சரிவு என்று நாம் சொல்வது மொத்தக் குளமும் வற்றுவதை. இங்கே குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது, கடைமடைக்கு வருவதில்லை. தேசத்தின் சொத்தில் 30 சதவீதம் அளவு மேல் ஒரு சதவீதத்தினர் கையில், கீழ்ப் பாதி மக்களுக்கு மொத்தமாக 2.5 சதவீதம் அளவு. திருப்பூர்க்காரர் எதிர்பார்க்கிற மாதிரி இந்த நாடு சீக்கிரம் விழாது என்றுதான் எனக்குப் படுகிறது. விழாமலே இப்படி இருக்க முடியும் என்பதுதான் பிராடக்கில் நான் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பென் ஹில்ஸ் கோயில். நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் வெள்ளைக் கோபுரம் தெரியும். திருப்பதி வெங்கடாசலபதி. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குடியேறிய மூத்த தலைமுறைத் தமிழர்களுக்கு முதல் குழந்தையின் முடியிறக்கம் எங்கே என்றால் 'பிட்ஸ்பர்க்'தான். எட்டு மணி நேரம் கார் ஓட்டி வருவார்கள். 1965-இல் குடியேற்றச் சட்டம் திறந்த கதவு வழியாக வந்த பொறியாளர்களும் டாக்டர்களும், திருமலை தேவஸ்தானத்தின் உதவியோடு எழுப்பிய கோயில். 1977 ஜூனில் கும்பாபிஷேகம். அதே 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, நூறு கிலோமீட்டர் தள்ளி யங்ஸ்டவுனில் பெரிய உருக்காலையை மூடுவதாகச் சொல்லி 5,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைக் கறுப்புத் திங்கள் என்பார்கள். இந்த வட்டாரம் சரிந்த கதையை அந்த நாளிலிருந்துதான் தொடங்குவார்கள். நம் ஆட்கள் கொடிமரம் நட்ட வருடத்தில் அவர்கள் உலையை அணைத்திருக்கிறார்கள்.

கீழே கேன்டீனில் புளியோதரை. புகழ் நிஜம்தான். வெல்லம் ஒரு சிட்டிகை கூடுதல் என்று நினைக்கிறேன், சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் மேசையில் இருந்த பையன்கள் எல்லோரும் விசா பற்றியே பேசினார்கள். 2025 செப்டம்பர் 19 அன்று, வெளியிலிருந்து எடுக்கிற புதிய எச்-1பி ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல். நான் சொன்னபோது ஒரு பையன் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். 'எனக்கில்லை, நான் உள்ளே இருக்கிறேன்' என்று எல்லோரும் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குப் பச்சை அட்டை வரிசை எப்போது நகரும் என்று அவனுக்கே தெரியாது. வீடு வாங்கச் சொல்லி அக்கா தினமும் போனில் நச்சரிக்கிறாள். அவன் வாடகை வீட்டிலேயே இருக்கிறான்.

நான் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஏணி வாங்கி வந்தான். குளிர் இறுகுவதற்குள் கூரையோரத் தகர வடிகாலில் விழுந்த இலையை எல்லாம் வாரிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து தகரமே பிய்ந்து வரும் என்றான். வீட்டுக்காரர் செய்ய மாட்டாரா என்று கேட்டேன்.

"அவர் ஃப்ளோரிடாவுல இருக்கார் மாமா. வருசா வருசம் நாந்தான். ஏணியைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?"

பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து கறுத்துக் கூழாகிப்போன மேப்பிள் இலை கைப்பிடி கைப்பிடியாக வந்து விழுந்தது. கொஞ்சம் என் ஸ்வெட்டர் மேல். நல்ல எருவின் வாசனை. பாட்டி தன் வீட்டு வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா வீட்டுதும் பாத்துரலாமுங்களா?" என்று மேலேயிருந்து கேட்டான்.